நக்கவாரத்திலிருந்து பாராடாங் வரை: ஒரு தொன்மம் சுற்றுலாச் சரக்கான வரலாறு

அந்தமான் சுற்றுலாத் திட்டங்கள் எதைப் புரட்டினாலும் பாராடாங் ஒரு நாள் பயணமாக இடம்பெற்றிருக்கும். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, நேரம் இருந்தால் மாலையில் கிளித்தீவு என மூன்று இடங்கள். போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். நள்ளிரவு கழிந்த சில மணி நேரத்திலேயே எழுந்து புறப்பட்டு, விடியுமுன் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், காவல் வாகனத்தின் பின்னே அணிவகுத்துச் செல்ல வேண்டும். பின்பு வாகனப் படகு, விரைவுப் படகு, அலையாத்திக் காட்டினூடே நடை. இந்தியாவில் இதைவிடப் பெரிய குகைகள் உண்டு. ஆந்திரத்தின் போரா குகைக்குப் போக எந்த அணிவகுப்பும் வேண்டியதில்லை. அப்படியிருக்க, இவ்வளவு சிரமத்தோடு ஒரு நாளைச் செலவழிக்க மக்களை எது தூண்டுகிறது?

விடை எல்லோருக்கும் தெரியும். துண்டறிக்கையில் மட்டும் அது எழுதப்படுவதில்லை. அந்த 50 கிலோமீட்டர் ஜாரவாப் பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிச் செல்கிறது. வழியில் அவர்களைக் காண நேரலாம் என்பதே பட்டியலில் இடம்பெறாத நான்காவது பொருள்.

நுகர்வோர் நடத்தையைப் பண்பாட்டோடு இணைத்துப் பேசும் வகுப்புகளில் அட்சய திருதியைத் தங்கம், தீபாவளிப் புத்தாடை, ஆடித் தள்ளுபடி ஆகியவை வழக்கமான எடுத்துக்காட்டுகள். அவை தவறில்லை, ஆனால் பழகித் தேய்ந்தவை. கிராண்ட் மெக்ராக்கன் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்று, பொருள்களில் நாம் காணும் அர்த்தம் பொருள்களுக்குள் பிறப்பதில்லை என்று வாதிடுகிறது. அது பண்பாட்டு உலகிலிருந்து விளம்பரத்தின் வழியே பொருளுக்குச் செல்கிறது. பொருளிலிருந்து சடங்குகளின் வழியே நுகர்வோரை வந்தடைகிறது. ஓராண்டு முன்னர், 1985-இல், டென்னிஸ் ரூக் நுகர்வுச் செயல்களைச் சடங்குகளாகவே வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இந்த இருவரையும் கையில் வைத்துக்கொண்டு பாராடாங் சாலையைப் பார்த்தால், கோட்பாட்டின் ஒவ்வொரு படியும் கண்முன் நடப்பதைக் காணலாம். வேறுபாடு ஒன்றுதான். இங்கே அர்த்தம் ஏற்றப்பட்ட பொருள், பொருளே அன்று, மனிதர்கள்.

மொழியியல் படித்தவள் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள, ஏறத்தாழ 1030-ஆம் ஆண்டைச் சேர்ந்த இராசேந்திர சோழனின் கல்வெட்டு, 1025-இன் கடற்படையெடுப்பில் வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது. இது இன்றைய நிக்கோபார் என்பதில் அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 'நக்க' என்பது நக்நம் என்ற வடசொல்லின் பிராகிருத வழி வடிவம், ஆடையின்மையைக் குறிப்பது. வங்கக் கடலின் தீவுவாசிகளைத் தமிழ் ஒரே அடைமொழியில், உடுக்காதவர் என்று, அறிந்திருந்தது. அதே கோயிலின் சுவரில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. அவர்களின் பெயர்கள் 'நக்கன்' என்றே தொடங்குகின்றன. சிவனுக்கு நக்கன் என்றொரு பெயருண்டு. ஆக, ஒரே வேர்ச்சொல் ஓரிடத்தில் இறைவனோடு இணைகிறது, மற்றோரிடத்தில் வெல்லத்தக்க தொலைவுத் தீவைச் சுட்டுகிறது. ஆடையின்மை தன்னளவில் இழிவன்று. யாருடைய ஆடையின்மை என்பதே கேள்வி.

மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதை இதற்கும் முந்தையது. ஆதிரையின் கணவன் சாதுவன் சூதில் பொருளிழந்து, வணிகரோடு கலம் ஏறுகிறான். கலம் உடைந்து, நாகர் வாழும் மலைப்பாங்கான கரையில் ஒதுங்குகிறான். அவர்கள் ஆடையற்றவர், மனிதரைத் தின்பவர். உறங்கும் அவனை உணவாக்க எண்ணி எழுப்புகின்றனர். அவனைக் காப்பது வாளோ தெய்வமோ அன்று; அவர்களின் மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது. பேசுகிறான். தலைவனிடம் அழைத்துச் செல்லப்படுகிறான். பெண், கள், ஊன் என்று விருந்து தரப்படுகிறது, மறுக்கிறான். அறம் உரைக்கிறான். கொலையை முற்றிலும் விட இயலாதெனில், கலம் உடைந்து வருவோரையேனும் கொல்லாதே என்று கேட்கிறான். தலைவன் இசைந்து, முன்பு கரையொதுங்கியோரிடமிருந்து கிடைத்த அகில், சந்தனம், துகில் ஆகியவற்றைக் கொடுத்தனுப்புகிறான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் சாதுவன் ஊர் திரும்புகிறான்.

இந்தக் கரை அந்தமானா, நிக்கோபாரா, வேறெதுவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கதைக்கு அது தேவையும் இல்லை. நான் கவனிக்க விரும்புவது கதையின் கட்டமைப்பை. ஆடையற்ற, மனிதரைத் தின்னும் தீவுவாசி; அவனுக்கு நற்பழக்கம் கற்பிக்கும் வருகையாளன்; இறுதியில் கைமாறும் சரக்கு. அச்சமும் அறிவுரையும் கொடையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டுள்ளன. இந்த முடிச்சு அவிழாமலே பிற்காலத்துக்கு வந்து சேர்ந்தது.

இதனருகே வேறொரு சாட்சியை வைத்துப் பார்க்கலாம். சீனத் துறவி யிஜிங் 673-இல் தாம்ரலிப்தி வந்தடைந்தவர். வழியில் ஆடையற்றோர் நாடு என்று ஒரு தீவைக் குறிப்பிடுகிறார். கப்பலைக் கண்டதும் மக்கள் சிறு ஓடங்களில் தேங்காய், வாழைப்பழம், பிரம்பு மூங்கிற் பொருள்களோடு வந்து சூழ்கின்றனர். அவர்கள் கேட்பது இரும்பு மட்டுமே. இரு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை தருகின்றனர். பண்டமாற்றுக்கு இணங்காவிடில் நச்சு அம்பு எய்கின்றனர். மனிதரைத் தின்பதாக ஒரு வரியும் இல்லை. அம்பு உண்டு, அதுவும் பேரம் முறிந்ததன் விளைவாக. யிஜிங் கண்டவர்கள் தெளிவான விருப்பம் கொண்ட நுகர்வோர்: இரும்பைத் தேர்ந்தவர்கள்.

பின்வந்த நூற்றாண்டுகளில் விலை பேசும் தீவுவாசி மறைந்து, மனிதரைத் தின்பவன் மட்டும் எஞ்சினான். 851-ஐ ஒட்டிய அரபு வணிகக் குறிப்புகள் அந்தமானியர் மனிதரை உயிரோடு தின்பதாகச் சொல்கின்றன. அத்தீவுகளுக்குப் போகாத மார்க்கோ போலோ அவர்களுக்கு நாய்த்தலை வைத்தார். நிக்கோபாருக்குரிய கதை அந்தமானுக்கும், அந்தமானுக்குரியது நிக்கோபாருக்கும் தாராளமாக மாறிக்கொண்டன. 1880-களில் எட்வர்ட் ஹொரேஸ் மேன் பல்லாண்டு அந்தமானியரோடு பழகி, மனித ஊன் உண்ணும் வழக்கத்தின் சுவடே அவர்களிடம் இல்லை என்று எழுதினார். 1890-இல் கோனன் டாயல் 'நால்வர் அடையாளம்' நாவலில் ஊதுகுழலால் நச்சு முள் எய்யும் அந்தமான் தீவுவாசி டோங்காவைப் படைத்தார். ஊதுகுழல் அந்தமானியரின் கருவியே அன்று. மேனின் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள், ஷெர்லாக் ஹோம்ஸை எத்தனை பேர் படித்தார்கள் என்று ஒப்பிட வேண்டியதில்லை.

இனிப் பாராடாங்குக்கு வருவோம். ரேட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் வெளியிட்ட அந்தமான் தீவினர் பற்றிய நூலில் வோட்டா-எமி என்ற இடம் வருகிறது. பாராடாங் தீவில் இருப்பது. முன்னோர்கள் அங்கே வாழ்ந்த காலத்தில் நெருப்பு தெய்வத்தின் கையில் இருந்தது என்றும், மீன்கொத்தி அதைத் திருடி வந்தது என்றும் பெரும் அந்தமானியக் குழுக்களின் கதைகள் கூறுகின்றன. அதாவது, உலகம் தொடங்கிய இடமாக ஒரு மக்கள்தொகுதி கருதிய தீவு பாராடாங். அங்கே போகும் பயணியிடம் இதை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர்கள் இல்லாமற்போனதும் ஒரு காரணம். 1858-இல் தண்டனைக் குடியேற்றம் அமைந்தபோது பல ஆயிரமாக இருந்த பெரும் அந்தமானியர், மேகநோய், 1877-இன் தட்டம்மை முதலியவற்றால் அழிந்து, 1961 கணக்கெடுப்பில் 19 பேராகச் சுருங்கினர். அவர்களின் மொழிகளுள் ஒன்றான போவின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். அன்விதா அப்பியின் பதிவுகளில் அவர் குரல் இருக்கிறது. தீவின் தொன்மம் அதன் மொழியோடு போயிற்று. தீவைப் பற்றிய வெளியார் தொன்மம் மட்டும் வாடிக்கையாளரோடு வருகிறது.

'ஜாரவா' என்ற பெயரே வெளியார் இட்டது. பெரும் அந்தமானிய மொழிகளுள் ஒன்றான அக்கா-பியாவில் அதற்கு அந்நியர் என்பது போன்ற பொருள். அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் சொல் 'அங்'. மக்கள் என்று பொருள். உச்ச நீதிமன்ற ஆவணத்திலும், சாலையோர எச்சரிக்கைப் பலகையிலும், இந்தக் குறிப்பிலும், பக்கத்து வீட்டார் வைத்த பெயராலேயே அவர்கள் சுட்டப்படுகின்றனர்.

காட்சிப்பொருளாக்கல் சாலையோடு தொடங்கவில்லை. 1858-இல் மௌவட்டின் குழு ஓர் அந்தமானியரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. அவருக்கு ஜாக் என்று பெயரிட்டு, ஆடை உடுத்தி, நிழற்படம் எடுத்தனர். நோயுற்றதும் தீவுக்கே திருப்பி அனுப்பினர். பார்வைக்கு வைப்பது, உடுத்துவது, படமெடுப்பது, நோய் வந்ததும் கைவிடுவது என்னும் வரிசை அப்போதே உருவாகிவிட்டது.

சுதந்திர இந்தியா இந்த வரிசையில் ஒரு புதிய சடங்கைச் சேர்த்தது. 1956-இல் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வந்தது. 1957-இல் ஜாரவாக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஜாரவாக்கள் அம்போடுதான் அணுகினர். 1970-களில் அந்தமான் நெடுஞ்சாலைப் பணி அவர்களின் காட்டுக்குள் நுழைந்தபோது தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இந்தப் பின்னணியில், 1974-இல் நிர்வாகத்தின் தொடர்புக் குழு மேற்குக் கரையில் முதன்முறையாக அவர்களோடு நட்புறவு கொண்டது. அதன்பின் படகுகளில் தேங்காய், வாழைப்பழம், சிவப்புத் துணி ஆகியவற்றை எடுத்துச் சென்று கரையில் கொடுப்பது முறையாக நடந்தது.

யிஜிங்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அன்று தீவுவாசிகள் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு கப்பலை நோக்கி வந்தனர். இன்று கப்பல் அதே தேங்காயையும் வாழைப்பழத்தையும் கொண்டு தீவுவாசிகளை நோக்கிப் போனது. அந்தமான் காட்டின் வேட்டைச் சமூகத்துக்குத் தென்னை பழகிய பயிரன்று. நிக்கோபாருக்குத் தேங்காய் வாழ்க்கை. ஜாரவாவுக்கு அது கொடையாக வந்த புதுமை. எந்தத் தீவாயினும் தீவுவாசிக்குத் தேங்காய் கொடுக்கலாம் என்னும் எண்ணமே தொன்மத்தின் கைவேலைதான்.

கொடை பற்றி மார்செல் மோஸ் சொன்னது சமூகவியல் மாணவர் அனைவருக்கும் பாடம்: திருப்பித் தர வேண்டாத கொடை இல்லை. ஜாரவாக்கள் என்ன திருப்பித் தந்தனர்? அம்பை நிறுத்தினர். சாலை 1980-களின் இறுதியில் முழுமை பெற்றது. இதைவிட இலாபகரமான தேங்காய் வணிகம் வரலாற்றில் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. தொடர்புக் குழுக்களில் அதிகாரிகளும் அவர்களின் விருந்தினரும் ஏறிச் சென்றதும், ஜாரவாக் குழந்தைகளைத் தூக்கிவைத்துப் படமெடுத்துக்கொண்டதும் பதிவாகியுள்ளன. பாராடாங் சாலைப் பயணியின் முன்னோடி அரசு விருந்தினரே. கையில் உணவு, கழுத்தில் கேமரா என்னும் உருவம் அரசுப் படகில் பிறந்து, பின்பு தனியார் வேனில் ஏறியது.

எதிர்க்கரையில் நிகழ்ந்த நுகர்வும் கவனத்துக்குரியது. நம் ஆய்வுகளில் இது பெரும்பாலும் விடுபடுகிறது. கொடுத்த சிவப்புத் துணியை ஜாரவாக்கள் உடுத்தவில்லை. நூல் நூலாகப் பிரித்தனர். அந்நூலை இடையிலும் தலையிலும் கழுத்திலும் அணிகலனாகக் கட்டினர். கொடுத்தவர் மனத்தில் துணி என்பது மானத்தை மறைப்பது. பெற்றவர் மனத்தில் அது நிறம். கட்டி அழகு பார்க்கும் நார். பொருள் ஒன்று, இரு பண்பாடுகளில் இரு பயன்கள். மெக்ராக்கனின் கட்டுரைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? இரும்பையும் அவ்வாறே தம் தேவைக்கு வளைத்தனர். உடைந்த கப்பல்களிலும் குடியேற்றங்களிலும் கிடைத்த இரும்பு அவர்களின் அம்புமுனை ஆயிற்று. எதை ஏற்பது, எப்படி ஏற்பது என்பதை அவர்களின் வழக்கமே தீர்மானித்தது, குறைந்தபட்சம் அந்தக் கட்டம் வரை.

1996-இல் கால் முறிந்த நிலையில் கதம்தலா அருகே கிடந்த என்மே என்ற இளைஞர் போர்ட் பிளேயரில் பல மாதம் சிகிச்சை பெற்றுக் காடு திரும்பினார். 1997 அக்டோபரில் ஜாரவாக்கள் ஆயுதமின்றி ஊர்ப்பக்கம் வரத் தொடங்கினர். 1999-இல் தட்டம்மை பரவியது. 1877-ஐ அறிந்தவர்களுக்கு அந்தச் செய்தி என்ன அச்சத்தைத் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதன் பின்னர் சாலையோரம் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வந்தன. புகையிலையும் மதுவும் வந்தன. சிவப்புத் துணியைப் பிரித்து நூலாக்கியது போலப் பாக்குப்பொட்டலத்தைப் பிரித்து வேறொன்றாக்க எந்த வழக்கமும் உதவாது. போதை தரும் பொருள், பெறுகிறவரின் பண்பாட்டுக்கு இடமே விடுவதில்லை.

சட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேகர் சிங் ஆணையம் காப்பகத்தினூடே செல்லும் சாலைப் பகுதிகளை மூடப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் 2002 மே 7-இல் அதை ஏற்று ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. 2004-இல் ஜாரவாக் கொள்கை வந்தது. 2007-இல் காப்பகத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் இடைவெளிப் பகுதி அறிவிக்கப்பட்டு, அது வழக்குகளில் சிக்கியது. 2012 சனவரியில் பிரிட்டனின் 'அப்சர்வர்' இதழ், உணவுக்கு ஈடாக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் காணொளியை வெளியிட்டது. அவ்வாண்டே 1956-இன் ஒழுங்குமுறை திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. 2013 சனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் இச்சாலையில் செல்ல இடைக்காலத் தடை விதித்தது. மார்ச்சில் தடை விலகியது. வேன்கள் மறுபடியும் ஜிர்காடாங்கில் வரிசைகட்டின.

அந்த வரிசையைச் சடங்காக வாசிப்பது எளிது. எளிது என்பதாலேயே சிறிது தயக்கத்தோடு செய்கிறேன். விழிப்பு, காத்திருப்பு, பெயர்ப்பட்டியல், அடையாள அட்டை; கண்ணாடியை இறக்காதே, நிறுத்தாதே, முந்தாதே, படமெடுக்காதே, எதுவும் கொடுக்காதே என்னும் விலக்குகளின் ஓதல். வேகம் குறைத்த ஊர்வலம். மறுமுனையில் நீரைக் கடத்தல். வான் ஜெனெப் 1909-இல் வகுத்த கடத்தற்சடங்கின் பிரிவு, இடைநிலை, இணைப்பு ஆகிய மூன்று கட்டங்களும் இதில் உள்ளன. விலக்குகள் ஜாரவாக்களைக் காக்கவே வகுக்கப்பட்டவை; அவற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வேனில் இருப்பவர் காதில் அவை எப்படி ஒலிக்கின்றன? பார்க்கக்கூடாத ஒன்று வெளியே இருக்கிறது என்று. கருவறைத் திரை விலகுமா என்று எட்டிப்பார்க்கும் மனநிலையை அந்த 50 கிலோமீட்டரும் வளர்க்கின்றன. தடை இங்கே விளம்பரத்தின் பணியைச் செய்துவிடுகிறது. பாதுகாப்பை மட்டும் விதித்து, பாதையைத் திறந்துவைத்ததன் விளைவு இது.

இனி திணை. தமிழ் இலக்கணத்தின் முதல் பிரிவினையே உயர்திணை, அஃறிணை என்பதுதான். மக்களைக் குறிக்கும் பெயர் உயர்திணை முடிபு கொள்ளும். 'வந்தார்கள்' எனலாம், 'வந்தது' எனல் ஆகாது. அந்தமான் சென்றுவந்தோரின் தமிழ்ப் பயணக் காணொளிகள் சிலவற்றைக் கேட்டபோது என் காதை இடறியவை வினைமுற்றுகள். "ரெண்டு ஜாரவா ரோட்டோரம் நின்னுச்சு." "போறப்ப ஒண்ணுமே தெரியல, வர்றப்பதான் கிடைச்சுது." பேசுவோர் கொடியவர்கள் அல்லர், தம் குழந்தைகளோடு விடுமுறைக்குப் போனவர்கள். குழந்தையையும் நாம் வழக்கில் 'அது' என்கிறோம் என்று மறுக்கலாம். ஆனால் அது உறவின் அண்மையால் வருவது. இங்கே வருவது காட்டுலாவின் இலக்கணம். யானை கிடைத்தது, புலி கிடைக்கவில்லை என்னும் வாக்கியத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நக்கவாரம் என்ற சொல்லை ஆக்கியவன்கூட அவர்களை உயர்திணையில் வைத்தான். மணிமேகலையின் நாகர், மனிதரைத் தின்றாலும், பேசுகிறார்கள், கேட்கிறார்கள், மனம் மாறுகிறார்கள். மிருகக்காட்சி இலக்கணம் நம் காலத்தின் சேர்க்கை.

இந்தச் சாலையைப் பற்றி எழுதுவோர் பலர் பாராடாங்கில் வாழ்பவர்களை மறந்துவிடுகின்றனர். நிலம்பூர் படகுத்துறையில் உணவுக்கடை வைத்திருப்பவர்களும், விரைவுப் படகு ஓட்டுபவர்களும், குகைக்கு வழிகாட்டுபவர்களும் அரசே கொண்டுவந்து குடியமர்த்திய குடும்பங்களின் வழித்தோன்றல்கள். வங்க அகதிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர், தமிழர் எனப் பல மரபினர். அவர்களுக்கு இச்சாலை மருத்துவமனைக்கும் கல்லூரிக்குமான வழி. பிள்ளையைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் தாயும், ஜாரவாக்களைப் பார்க்க வந்த குடும்பமும் ஒரே அணிவகுப்பில் செல்கின்றனர். இவ்விரு பயணங்களையும் பிரித்தறியாத எந்தத் தீர்வும் நேர்மையானதாக இராது. சுற்றுலாப் பயணியைக் கடல்வழியே பாராடாங்குக்கு அனுப்பலாம் என்ற பேச்சு 2013-இன் வழக்குக் காலத்திலிருந்தே உண்டு. குகையும் எரிமலையும்தான் ஈர்ப்பு என்றால் கடல்வழி எவருக்கும் இழப்பாகாது. அது இழப்பாகத் தோன்றுகிறதெனில், விற்கப்படுவது எது என்பதை வணிகமே ஒப்புக்கொள்கிறது. என் நிலைப்பாடு இதுதான்: சாலை உள்ளூர் மக்களின் தேவைக்கு மட்டும், சுற்றுலா முழுவதும் கடல்வழியே.

தொன்மங்கள் இன்னும் உற்பத்தியாகின்றன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அறிவிப்பில் சோழர் கடற்படைத் தளம் நினைவுகூரப்பட்டது. இராசேந்திரன் 1025-இல் தாக்கியது ஸ்ரீவிஜயத்தை என்பதை அறிந்த தமிழ் மாணவருக்கு இப்பெயர் சிறு புன்னகையைத் தரலாம். தமிழகத்திலிருந்து செல்லும் பயணிக்கு இனிச் சோழப் பெருமிதமும் பயணத்தோடு சேர்த்து வழங்கப்படும். அதை வாங்க நம்மவர்கள் மிக விருப்பத்தோடு இருப்பார்கள் என்பதும் தெரிகிறது.

அப்படியானால் வோட்டா-எமியை, மீன்கொத்தி திருடிய நெருப்பை, பயணியிடம் சொல்லலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். குகை வாயிலில் ஒரு பலகை வைத்தால் போதுமாம். எனக்குத் தயக்கமுண்டு. அந்தக் கதைக்கு உரியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று ஸ்ட்ரெயிட் தீவிலும் போர்ட் பிளேயரிலும் சில பத்துப் பேராக வாழ்கின்றனர். பலகையில் எழுதுவதா வேண்டாமா என்பதை அவர்களிடம் கேட்காமல் எழுதினால், அதுவும் ஒரு சிவப்புத் துணிதான்.

ஜாரவாக்களின் எண்ணிக்கை 2001 கணக்கெடுப்பில் 240, 2011-இல் 380. அவர்கள் பெருகுகிறார்கள். அழியும் இனத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பேசும் பயணிகளுக்கு இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலோர் நம்புவதில்லை.

தமிழில் அந்தமான் பயண எழுத்தும் காணொளியும் கடந்த பத்தாண்டில் மிகுந்துள்ளன. அவற்றில் ஜாரவாக்களைக் குறிக்கும் பெயர்களும் வினைமுற்றுகளும் எவ்வாறு அமைகின்றன, 2013-க்குப் பின் ஏதேனும் மாற்றம் உண்டா என்பதை ஒரு சிறு தரவுத்தொகுப்பாகத் தொகுக்க எண்ணியுள்ளேன். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மொழியியல், சமூகவியல், வணிகவியல் மாணவர்கள் யாரேனும் இதில் சேர விரும்பினால் உட்பெட்டியில் எழுதுங்கள். பயணம் போய்வந்தவர்கள் தங்கள் வீட்டுக் காணொளிகளைத் தர முன்வந்தால் நன்று. ஜாரவாக்கள் தெரியும் பகுதி வேண்டாம். வேனுக்குள் பேசிக்கொண்டது மட்டும் போதும்.